முன்பல்லும் புது சர்வரும்

— மவுஸ்க்கா, மவுஸ்! கைக்குப் பக்கத்துல எலி மாதிரி ஒண்ணு கிடக்கும் பாரு.

— மவுஸ் எதுன்னு எனக்குத் தெரியும்டா தம்பி. இந்த லேப்ல செஞ்சு வெளிய போற பொய்ப்பல்லுல பாதி இந்த மவுஸ்ல நான் வரைஞ்சதுதான்.

— பல்லு வரையறது வேற, சர்வர் வேற. ஊர்ல இருக்கற பல் டாக்டருங்க அனுப்பின வாய் அளவு, நாம போட்ட டிசைன், எல்லாத்தையும் ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு மாத்தப் போறோம். உன் கடைவாய்ப் பல்லு சமாசாரம் இல்ல இது.

— அப்ப சிஸ்டம் பார்த்தவரையே உட்கார வெச்சிருக்கலாமே. அவரை எதுக்கு நேத்து வீட்டுக்கு அனுப்பின?

— அந்த ஆளா? "காப்பி எடுக்கணும் சார், சரி பார்க்கணும் சார், அப்புறம்தான் சார் அழிக்கணும்"னு மென்னுக்கிட்டே இருப்பார். விழுங்கவே மாட்டார். நான் ஹோட்டல் ரூம்ல படுத்துக்கிட்டே போன்ல உன்னை வெச்சு முடிச்சுக் காட்டறேன். சிம்பிள் மேட்டர்.

— நீ சொன்னா சரி. ஆனா கொஞ்சம் நிறுத்திப் பேசு. பேச்சை விட காத்துதான் அதிகமா வருது.

— முன்பல்லு இல்லாம பேசினா காத்து வராம பாட்டா வரும்?

— சோடா மூடியைப் பல்லால திறந்து காட்டறேன்னு சொன்னப்பவே வேண்டாம்னேன்.

— உன்னை இப்ப கேட்டேனா? அந்தப் பல்லு எந்த நிலைமையில இருக்கு?

— டிசைன் போட்டு வெச்சிருக்கேன். மெஷின்ல குடுத்துச் செதுக்கி, அடுப்புல வெச்சுச் சுட வேண்டியதுதான் பாக்கி. சொல்லப் போனா, முதல்ல அதைச் செதுக்கிடறேனே? உன் வாய் அளவும் இதுக்குள்ளதான் இருக்கு. அது வெளிய வந்துட்டா, அப்புறம் நீ எதை வேணா மாத்திக்க.

— பார்த்தியா, பார்த்தியா! இதான் உன் புத்தி. கம்பெனியோட மொத்த டேட்டா பேக்கப்பும் நடுவழியில நிக்குது, உனக்கு ஒரு பல்லு பெருசாத் தெரியுது. முதல்ல சர்வர். அது முடியற வரைக்கும் அந்த மெஷின் பக்கமே போகாத.

— உன் பல்லுடா அது.

— என் பல்லுக்கு ராத்திரி முழுக்க டைம் இருக்கு. காலைல வந்து இறங்கறேன், மாட்டிக்கறேன், நேரா போட்டோ. வாசல்ல போர்டு பிரமாதமா வரப் போகுது. நான் சிரிக்கறேன், கீழ பெருசா "உங்கள் சிரிப்பு எங்கள் பொறுப்பு". நானே எழுதினது.

— அப்பா இருந்தா போர்டுல பல்லு படம் மட்டும்தான் போடுவார்.

— அதனாலதான் லேப் அந்தச் சந்துக்குள்ளயே கிடந்துச்சு. அப்பா இதை என் பேருக்கு எழுதினதே நாலு பேர் பார்க்கற மாதிரி ஆக்கத்தான். நீ இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டது போதும்க்கா. இந்த வேலை முடிஞ்சதும் சாவியை ரிசப்ஷன்ல குடுத்துட்டு வீட்டுல ரெஸ்ட் எடு. உன் மேசை இருக்கற இடத்துல சோபா போடறேன்.

— ரெஸ்ட் எடுக்க நான் என்ன நோயாளியா? எனக்குத் தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதான்டா. நான் போயிட்டா டாக்டருங்ககிட்ட யாரு பேசுவா?

— இந்தக் காலத்துல யாருக்கா பேசறா? மெயில் போடுவோம். நீ போனைப் போட்டு "பையன் பரீட்சை எப்படி எழுதினான் டாக்டர், முதுகுவலி எப்படி இருக்கு டாக்டர்"னு அளந்துக்கிட்டு இருப்பே. அது பிசினஸ் இல்ல, வெட்டிப்பேச்சு.

— சரிப்பா. வெட்டிப்பேச்சுதான்.

— கோவிச்சுக்காத. உண்மையைச் சொன்னேன். இப்ப திரையைப் பாரு. என்னென்ன தெரியுது? எழுத்துக் கூட்டியாவது படி.

— மூணு பெட்டி தெரியுது. ஒண்ணு "பழசு". ஒண்ணு "புதுசு". இன்னொண்ணு "மேல".

— மேலயா? அது என்ன மேல, கீழ?

— அதாண்டா, நீ வாடகைக்கு எடுத்திருக்கியே, அதுக்கு சிஸ்டம்காரர் வெச்ச...

— அவர் வெச்ச பேருக்கெல்லாம் எனக்கு விளக்கம் வேண்டாம். விடு. பழசு இருக்கு, புதுசு இருக்கு. நமக்கு அது ரெண்டும் போதும். பேக்கப்னா என்னன்னு தெரியுமா உனக்கு?

— சொல்லு, கேட்டுக்கறேன்.

— ஒரு பொருள் தொலைஞ்சா இன்னொண்ணு இருக்கணும். அவ்வளவுதான். இப்ப பின்ரூம்ல, அடுப்புக்குப் பக்கத்துல ஒரு டப்பா இரைஞ்சுக்கிட்டு கிடக்கே, அது பழசு. நான் இன்டர்நெட்ல, க்ளவுட்ல, வாடகைக்கு இடம் எடுத்திருக்கேனே, அது புதுசு. நேத்து பழசுலேருந்து புதுசுக்கு ஏறிட்டிருக்கும்போது நெட் போயிடுச்சு. அரைகுறையா நிக்குது. அந்தக் குப்பை மேலயே மறுபடி ஏத்தினா எல்லாம் கெட்டுடும். அதனால புதுசைச் சுத்தமா துடைச்சுட்டு, முதல்லேருந்து ஏத்தறோம். மண்டையில ஏறிச்சா?

— ஏறிச்சு. ஆனா பின்ரூம்ல இருக்கறதுக்கு அப்பா வாங்கினப்போ என்ன பேரு வெச்சார்னா...

— ஐயோ! அப்பா கதையை ஆரம்பிக்காதக்கா. கையெடுத்துக் கும்பிடறேன். "ரெண்டும் எப்பவும் ஒரே மாதிரி"ன்னு ஒரு பட்டன் இருக்கும் பாரு. லேப்ல என்ன பண்ணாலும் க்ளவுட்லயும் தானா ஆகும். அதைப் போட்டுடு.

— அழிச்சாலும் ரெண்டுலயும் அழியுமா?

— கேள்வி கேக்காதன்னு எத்தனை தடவை சொல்றது? போட்டியா?

— போட்டாச்சு.

— இப்ப புதுசைத் திற. உள்ள இருக்கற எல்லாத்தையும் அழி.

— சரியாக் கேக்கல. புது... என்னது?

— புதுசு! பு-து-சு! காது செவிடா?

— காத்தா வருதுடா, அதான். பழசு இல்லியே?

— பழசுல கையை வெச்சே, தொலைச்சுடுவேன். புதுசு!

— தம்பி, ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. அந்தப் புதுசு இருக்கே...

— அக்கா, வாயை மூடு. தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு, சொன்னதை மட்டும் செய். ஒரு தடவையாவது.

— ...

— இருக்கியா?

— வாயை மூடச் சொன்னியே. இருக்கேன். "நிரந்தரமாக அழிக்கவா? திரும்ப எடுக்க முடியாது"ன்னு கேக்குது.

— ஆமான்னு அழுத்து.

— ஆமான்னு அழுத்திட்டேன். ஓடுது... ஓடுது... முடிஞ்சுது. காலி.

— பார்த்தியா? அந்த ஆள் ஒரு வாரமா இழுத்த வேலை. இப்ப பழசுலேருந்து மொத்தத்தையும் அள்ளி...

— பழசுல ஒண்ணும் இல்லடா.

— என்னது, ஒண்ணும் இல்லியா?

— அது அப்பா முதல்முதல்ல வாங்கின மெஷின். என்னைக்கோ எரிஞ்சு போச்சு. திரையில பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அது போனதும் அப்பா ஒண்ணு வாங்கினார். அன்னைக்கு அது புதுசு, அதனால "புதுசு"ன்னு பேரு வெச்சார். அதுதான் பின்ரூம்ல இரையற டப்பா. அதுக்குப் பேருதான்டா புதுசு.

— அப்ப நான் வாடகைக்கு எடுத்தது...

— "மேல". விளக்கம் வேண்டாம்னுட்டே.

— அப்ப மேல பாதியாவது இருக்கும்ல? நேத்து ஏறின பாதி?

— பட்டன் போடச் சொன்னியே. புதுசு காலியானதும் மேலயும் காலி. நல்லா வேலை செய்யுது அந்தப் பட்டன்.

— அடிப்பாவி! நீ சொல்லியிருக்க வேண்டாமா?

— வாயைத் திறந்தப்பல்லாம் யாரு மூடச் சொன்னது?

— க்கா... க்கா, கத்தறேன்னு நினைக்காத. எத்தனை பேரோட பல்லு இருந்துச்சு அதுல? நான் என்ன பண்ணுவேன் இப்ப?

— அளவெல்லாம் டாக்டருங்ககிட்ட ஒரு பிரதி இருக்கும். கேட்டா திரும்ப அனுப்புவாங்க. டிசைனை நாம மறுபடி போடணும். நீ மெயில் போடு.

— மெயில் போட்டா எவன் பார்க்கறான்! "உங்க பேஷண்ட் டேட்டாவை அழிச்சுட்டோம்"னு மெயில் போனா அடுத்த நிமிஷமே வேற லேப்புக்குப் போயிடுவாங்க. நீ பேசுக்கா. உன் குரலைக் கேட்டா குடுப்பாங்க.

— அது வெட்டிப்பேச்சு ஆச்சேடா.

— அக்கா, ப்ளீஸ்.

— என் மேசை இருக்கற இடத்துலயே இருக்கும். சோபாவை உன் ரூம்ல போட்டுக்க. சிஸ்டம்காரருக்கு நீயே போன் பண்ணி, நீயே மன்னிப்புக் கேட்டு, நீயே கூப்பிடு.

— சரி. சரி. எல்லாத்துக்கும் சரி.

— இந்த லேப்ல என்னை யாரும் ரெஸ்ட் எடுக்கச் சொல்லக் கூடாது.

— சொல்ல மாட்டேன். இப்ப டாக்டருங்களுக்குப் போன் போடுவியா?

— போடறேன். அவங்கவங்க பேஷண்ட் அளவு எல்லாம் வந்துடும். ஒருத்தரோடது மட்டும் வராது.

— யாரோடது?

— டாக்டர்கிட்ட போனா மானம் போயிடும்னு சொல்லி, லேப்புக்கே வந்து வாயைத் திறந்து, என்னையே அளவெடுக்கச் சொன்னாரே ஒரு பெரிய மனுஷர். அவரோடது இங்க மட்டும்தான் இருந்துச்சு.

— ஐயையோ! க்கா, காலைல போட்டோக்காரன் வந்து நிப்பானே! நீ மறுபடி அளவெடுத்து, செதுக்கி, சுட்டு... அதுக்குள்ள முடியாதே! நான் என்னதான் பண்றது?

— சிம்பிள் மேட்டர்டா. வாயை மூடிக்கிட்டு நில்லு.