இறங்கிய கால்

பாட்டை ஒழுங்காக நடத்தவேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை, ஐயா. ஆம்பூர்ப் பெண்கள் பள்ளியில் பதினெட்டு வருடமாகத் தமிழ் டீச்சர்.

பழைய பாட்டு ஒன்று. வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் சொல்கிறாள்: ஆற்றைக் குறை சொல்லமாட்டேன், இறங்கிய கால் என்னுடையது. தேர்ந்தெடுத்தவள் அவள், வருத்தமும் அவளுக்கே. அப்படித்தான் நடத்திவந்தேன்.

ஜூன் மாதம் செண்பகம் கணக்கு டீச்சராக வந்தாள். அணைக்கட்டுக்காரி. ஒருநாள் என் வகுப்பு வாசலில் நின்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே சொன்னாள்.

"ஆழம் கம்மின்னு கரையில யாரோ சொல்லியிருப்பாங்க டீச்சர். இல்லன்னா புள்ளைய தூக்கிக்கினு எவ எறங்குவா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பின் நான் வராந்தாவில் நடந்தால், "இன்னாடி, ஆழம் ஜாஸ்தியா கம்மியா?" என்று பின்னால் குரல் வரும்.

பள்ளிக்குப் பின்னால், தோல் பதனிடும் அமீர் பாஷாவின் ஷாப்பு. தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகள் தரைமட்டத்தில் இருக்கும். ஆள் உயர ஆழம். இரண்டு நாள் கலக்காமல் விட்டால் ஆடை கட்டி, தூசி படிந்து, மெழுகிய தரை போலாகிவிடும். அதனால் நிரம்பிய குழியோரம் ஆவாரங்கிளை நட்டுவைப்பார்கள். பள்ளி பெருக்கும் எல்லம்மா செண்பகத்துக்கும் சொல்லியிருந்தாள்: "கெள நட்ட பக்கம் மட்டும் போவாதம்மா."

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பாஷா தொழுகைக்கும் ஆட்கள் சாப்பாட்டுக்கும் போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை செண்பகம் அரைநாள் லீவு போட்டு, ஊருக்குப் போகும் அவசரத்தில் வந்தாள்.

"ரோட்டால போனா ரயில் போய்டும்ல டீச்சர்?"

"ஷாப்பு வழியா போயேன். கெள இல்லாத எடம் தரைதான்."

அவள் இரண்டு வழியையும் பார்த்தாள். யோசித்தாள். பிறகு குறுக்கு வழியில் இறங்கினாள். நான் தள்ளவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருமுறை "டீச்சர்" என்று கூப்பிட்டாள். பள்ளி மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நன்றாகவே கேட்டது.

கிளையைக் காலையில் பிடுங்கியது நான்தான். அதை மறைக்கவில்லை. கிளையைப் பிடுங்குவது வேறு, காலை வைப்பது வேறு.

திங்கட்கிழமை அதே பாட்டை மறுபடி நடத்தினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கரையில் யாரோ நின்றதாக அதில் ஒரு சொல்கூட இல்லை, ஐயா. அன்றிலிருந்து தினமும் தேடிப் பார்க்கிறேன்.