வெள்ளைத் துணியின் மறுமுனை

(கம்பத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த நத்தர்ஷா இரங்கல் கூட்டத்தில், போர் எதிர்ப்புக் குழுவின் செயலாளர் செல்வமணி பேசியது)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, கையெட்டும் தூரத்திலே மணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வழக்கறிஞர் விஜி அவர்களே! மேடையை நிறைத்திருக்கிற ஜமாத் பெரியவர்களே! திராட்சை விவசாயிகளே, வியாபாரப் பெருமக்களே! முன்வரிசையிலே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற நத்தர்ஷாவின் மகள் ரெஹானாவே! கணவர் போன துக்கத்துக்கு வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருப்பதால் இங்கே வர முடியாமல், அந்தப் போன் வழியாக வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற லத்திபா அக்கா அவர்களே! உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நிற்கிற என் அருமை மக்களே! உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

நாற்காலி போதவில்லை. பக்கத்து மண்டபத்திலிருந்து ஆட்டோவிலே நாற்காலி வந்து இறங்கியதை மேடையிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மறைக்க மாட்டேன் தோழர்களே, எனக்கு வயிறு எரிந்தது! நாளைக்கு இந்தச் செல்வமணி போனால் இதிலே பாதிக் கூட்டமாவது வருமா? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்! பார்த்தீர்களா, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

யார் இந்த நத்தர்ஷா? ஜவுளிக்கடை முதலாளியா? ஆம்! சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவரா? ஆம்! ஆனால் அதற்காகவா இத்தனை சனம் வந்திருக்கிறது? உலகத்தின் எந்த மூலையிலே குண்டு விழுந்தாலும் இந்தக் கம்பத்துக் கடைத்தெருவிலே ஒரு மனிதனுக்கு வலித்தது என்றால், அவர்தான் எங்கள் தலைவர் நத்தர்ஷா! அமைதிப் போராளி நத்தர்ஷா! குழு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். நான் செயலாளர். ஒரு தடவையாவது மாற்றிப் பார்ப்போம் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை.

நான் அரசு பஸ்ஸிலே கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மைக் இல்லாமலே கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. அவருக்கு? பக்கத்திலே நின்றால்தான் கேட்கும். ஆனாலும் எல்லாரும் பக்கத்திலே போய் நின்று கேட்டாக! அதுதானே எனக்குப் பொறுக்காது.

நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். சொந்தம் கிடையாது, பழக்கத்திலே வந்த முறை. மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போர் வேண்டாம் என்று எழுதிய துணி பிடித்து நிற்போமே, பார்த்திருப்பீர்கள். துணி அவர் கடைக் காடாத்துணி. ஒரு முனைக் கம்பு அவர் கையிலே, மறுமுனைக் கம்பு என் கையிலே. போகிற வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய், "என்ன பாய், வெயில்ல நிக்கிறீக, மோர் குடிங்க" என்று அவர் கையிலே கொடுப்பார்கள். நானென்ன நிழலிலேயா நின்றேன்? அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தா மாப்ள" என்று நீட்டுவார். எனக்கு வந்த மோரெல்லாம் அவர் வழியாக வந்த மோர்தான்.

ஒரு தடவை, அனுமதி வாங்காமல் நின்றோம் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோஷம் போட்டது யாரு? நான்! தொண்டை கிழிந்தது யாருக்கு? எனக்கு! உள்ளே போனதும் அந்த எஸ்.ஐ. எழுந்திருச்சு, "பாய், நீங்களுமா? உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, "நீ அங்கன நில்லு" என்றார். டீ வந்தது, அவருக்கு மட்டும். பாதியை ஆற்றி எனக்குக் கொடுத்தார் மாமா. குடித்தேன். சீனி தூக்கலாகத்தான் இருந்தது, ஆனாலும் கசந்தது!

சிரிக்கிறீர்கள். சிரிங்க. விஜி அவர்களே, மணியிலே கை போகிறது. அவர் பேசியிருந்தால் அடிப்பீகளா? இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறுங்க.

எங்கள் குழுவிலே ஓட்டெடுப்பு கிடையாது. துணியிலே எழுதுகிற வாசகத்துக்கு எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒருத்தர் மறுத்தாலும் எழுதக்கூடாது. ஆனால் நிற்காமல் வீட்டுக்குப் போகவும் கூடாது. எழுதாத வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். உலகத்திலே எந்தக் கட்சியிலாவது, எந்தச் சங்கத்திலாவது இப்படி ஒரு விதி உண்டா? இந்த விதியைக் கொண்டுவந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்! ஏன் கொண்டுவந்தேன்? ஓட்டு என்று வைத்தால் அத்தனை கையும் அவருக்குத்தான் உயரும் என்று எனக்குத் தெரியும்! ஆரம்பத்திலேயே அவருக்குக் கடிவாளம் போட்டேன். அவரோ, "நல்ல விதி மாப்ள" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தப் புகழும் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

பல வருஷம் அந்த விதிக்கு வேலையே வரவில்லை. சூடானிலே உள்நாட்டுச் சண்டை வந்தது. அப்போதுதான் வந்தது வேலை.

சொந்த நாட்டுப் பட்டாளமும், அது வளர்த்துவிட்ட இன்னொரு படையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, நடுவிலே சனங்கள் செத்தார்கள். வெளிநாட்டுப் படையை அனுப்பிச் சனங்களைக் காப்பாற்று என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் உடனே வாசகம் எழுதினேன்: 'எந்த நாட்டுப் பட்டாளமும் எந்த நாட்டுக்குள்ளும் போகக் கூடாது.' அவர்தான் முதலிலே சரி என்றார். நான் சொன்னதை அவர் முதலிலே ஒத்துக்கொண்ட அபூர்வமான நாள் அது! எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோசத்திலே.

அந்தச் சந்தோசம் நிலைத்ததா? நோன்பு மாசம் வந்தது. ரெஹானா மதுரையிலே படித்தபோது கூடப் படித்த ஒரு சூடான் பொண்ணு, ஊருக்குப் போக வழியில்லாமல் மாமா வீட்டிலே வந்து தங்கியது. அதோ, ரெஹானா பக்கத்திலே இருக்கிறதே, அந்தப் பொண்ணுதான். ஒரு நாள் நோன்பு திறந்துவிட்டு எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம், நானும் இருந்தேன். துணியிலே எழுதுவதற்காக நான் வாசகம் எழுதிக் கொண்டுபோயிருந்த தாளைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று அது கேட்டது. ரெஹானா படித்துச் சொன்னாள். அந்தப் பொண்ணு கிண்ணத்தைக் கீழே வைத்தது. "எங்க அம்மா இருக்கிற ஊரைச் சுத்திப் படை நிக்குது. போன் போகல. யாரும் வரக் கூடாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்ப யார் வருவாங்க?" பேசப் பழகிய தமிழிலே அதைத்தான் கேட்டது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

என்னிடம் பதில் இருந்தது. நான் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன். மாமா? கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறு கூட்டத்திலே எழுந்து நின்று, "இந்த வாசகத்தை நான் மறுக்கிறேன்" என்றார்! சனங்களைக் காப்பாற்ற மட்டும் ஒரு படை போகட்டும், உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து அனுப்பட்டும் என்றார். ஆயுசு முழுக்க ஒரே கருத்திலே நின்ற நான் பிடிவாதக்காரன்! கருத்தை மாற்றிக்கொண்ட அவர் பெரிய மனசுக்காரர்! இது எந்த ஊர் நியாயம்?

நான் விட்டேனா? எங்கள் அண்ணன் விஜயகுமார் பட்டாளத்திலே இருந்தார். எண்பத்தேழிலே, அமைதி காக்கப் போகிறோம் என்று சொல்லி இலங்கைக்கு அனுப்பினார்கள். மாலை போட்டு வரவேற்ற சனங்கள் மேலேயே கொஞ்ச மாசத்திலே துப்பாக்கி திரும்பியது. அங்கன இருந்து உசிரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த சனம் இங்கன நம் பக்கத்து முகாமிலே இருக்கிறது. நான் வேலை பார்த்த பஸ் அந்த முகாமைத் தாண்டும்போதெல்லாம், அதிலே வருகிற எங்கள் அண்ணன் சன்னலைச் சாத்திவிடுவார். மழையா வெயிலா, பார்க்க மாட்டார். டிக்கெட் கிழித்துக்கொண்டே நான் பார்த்திருக்கிறேன். அவர் அங்கே என்ன பண்ணினார், என்ன பார்த்தார், சாகிற வரைக்கும் என்னிடம் சொல்லவில்லை. காப்பாற்றப் போகிறேன் என்று எவன் துப்பாக்கியோடு கிளம்பினாலும் எனக்கு அந்தச் சன்னல்தான் ஞாபகம் வரும் என்று கூட்டத்திலே சொன்னேன். நாலைந்து பேர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள். இன்றைக்கு ஜெயித்தது நான்தான் என்று நினைத்தேன்.

மாமா என் பக்கத்திலே வந்து உட்கார்ந்து, அந்தக் கேட்காத குரலிலே சொன்னார்: "ஒங்க அண்ணன் சன்னலச் சாத்துனாக மாப்ள, அது அவுக வலி. நீ கதவையே சாத்தச் சொல்ற. உள்ள இருக்கிறவுக எங்கிட்டுப் போவாக?"

முடிந்தது. துணி வெள்ளையாகவே நின்றது.

முதல் மாசம் வெள்ளைத் துணியோடு நின்றபோது எனக்கு அவமானமாக இருந்தது. ஒருத்தர் வந்து, "என்னண்ணே, எழுத ஆள் கிடைக்கலையா?" என்றார். இன்னொருத்தர் வேட்டி ஏலமா என்று கேட்டார். மேகமலை எஸ்டேட்டிலே வேலை பார்க்கிற சந்தனம்மாள், சாமான் வாங்கக் கம்பத்துக்கு வந்தவுக, பையைக் கீழே வைத்துவிட்டு, "யாருய்யா செத்தது?" என்று கேட்டாக. கேட்டது என்னிடம்தான்! என் முனைக்குத்தான் வந்தாக! நான் குழு விதியை விளக்க ஆரம்பித்தேன். சூடானிலே இருந்து ஆரம்பித்து வந்துகொண்டிருந்தேன். அந்த முனையிலிருந்து மாமா சொன்னார், "ரொம்பப் பேரு ஆத்தா. ஊரு தூரம்."

அவ்வளவுதான்! சந்தனம்மாள் பையை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்திலே போய் நின்றாக. அவுக போக வேண்டிய சின்னமனூர் பஸ் வந்து போயிற்று, ஏறவில்லை. நான் ஆயுசு பூரா மேடையிலே கத்தியிருக்கிறேன், எனக்காக ஒருத்தராவது பஸ்ஸை விட்டிருப்பாரா? இன்றைக்கு அந்தச் சந்தனம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்து, அதோ தூணோரம் நிற்கிறாக. யாருக்காக? எனக்காகவா?

கடைசியாக அவரைத் தேனி ஆஸ்பத்திரியிலே பார்த்தேன். நலம் விசாரிக்கத்தான் போனேன். சத்தியமாக அதுக்குத்தான் போனேன்! ஆனால் போன வேகத்திலே, "படை போனா திரும்பி வராது மாமா" என்று ஆரம்பித்துவிட்டேன். அவரும் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிவிட்டு ஆரம்பித்துவிட்டார். நர்ஸம்மா ஓடி வந்து, "பிரஷர் ஏறுது, நீங்க வெளிய போங்க" என்றது. மாமா கையைத் தூக்கி, "இருக்கட்டும்மா. அவன் போயிட்டா எனக்கு எதுத்துப் பேச ஆளில்ல" என்றார்.

தோழர்களே! எதிர்த்துப் பேச ஆளில்லை என்றாரே, இன்றைக்கு யாருக்கு ஆளில்லை?

போன வாரம் குழு கூடியது. விஜி அவர்கள் சொன்னாக: "இனி மறுக்கிறவுக யாரும் இல்லண்ணே. வர்ற ஞாயித்துக்கிழமைக்கு ஒங்க வாசகத்தையே எழுதிரலாம்." எல்லாரும் சரி என்றார்கள். கறுப்புப் பெயிண்டு வாங்கி வைத்தாயிற்று. கடைசியிலே நான் ஜெயித்துவிட்டேன்! நத்தர்ஷாவை நான் ஜெயித்துவிட்டேன்! இத்தனை வருஷம் எதற்கு ஏங்கினேனோ அது என் வாசல் தேடி வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சோற்றிலே கைவைத்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே இந்தச் சபையிலே, உங்கள் எல்லார் முன்னாலேயும் சொல்கிறேன். செயலாளர் செல்வமணி எழுதிய வாசகத்தை நான் மறுக்கிறேன்! யார் சார்பாக? மறைந்த தலைவர் நத்தர்ஷா சார்பாக!

நான் மனசு மாறிவிட்டேன் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். மாறவில்லை. எந்தப் படையும் போகக் கூடாது என்றுதான் இந்த நிமிஷமும் சொல்கிறேன். ஆனால் அவர் மறுத்தது மறுத்ததுதான். கபருக்குள்ளே போய்விட்டார் என்பதற்காக அது செல்லாமல் போகுமா? அவர் வாயை மண் மூடிய பிறகு எழுதுகிற வாசகம் எனக்கு வேண்டாம்! நேருக்கு நேராக அவரை ஒத்துக்கொள்ள வைத்து எழுதியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. அந்தப் பொண்ணோட அம்மாவிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. அது கேட்ட கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இனிமேல் ஒவ்வொரு கூட்டத்திலும் என் கட்சியைப் பேசி முடித்துவிட்டு, எழுந்து எதிர்ப்பக்கம் போய் நின்று அவர் கட்சியையும் நானே பேசுவேன். அந்த உரிமையை வேறு யாருக்கும் விட மாட்டேன்! ரெஹானா, ஒனக்கும் கிடையாது தாயி. லத்திபா அக்கா, கோவிச்சுக்கிறாதீக, ஒங்களுக்கும் கிடையாது. ஒங்க கிட்ட அவரு பாசமாப் பேசியிருப்பாரு. எந்த இடத்துல குரலை இறக்குவாரு, எந்தப் பதிலுக்கு எந்தப் பதிலு வச்சிருப்பாருன்னு எனக்குத்தான் தெரியும். அவரு மறுத்ததெல்லாம் என்னையத்தான்! ஊருக்கே அவரு சொந்தம்னு இன்னைக்கு எல்லாரும் பேசுனீக. பேசிக்கங்க. இது ஒண்ணு மட்டும் எனக்குச் சொந்தம்.

அடிங்க விஜி, மணியை அடிங்க. முடிச்சிட்டேன்.

பெயிண்டு டப்பாவை மூடி வையுங்க. ஞாயித்துக்கிழமை துணி வெள்ளையாத்தான் வரும். அவர் முனைக் கம்பை, சம்மதம்னா அந்தச் சூடான் பொண்ணு பிடிக்கட்டும். மறுமுனையில நான் நிக்கிறேன். நிக்க முடிகிற வரைக்கும் நிற்போம், இது எங்கள் தலைவருக்கு நாங்கள் கொடுக்கிற வாக்கு! வழியிலே போகிற யாராவது வந்து, "யாருய்யா செத்தது?" என்று கேட்பாக. இத்தனை நாளும் அதுக்குப் பதில் சொல்ல அவரு இருந்தாரு. இனி நான்தான் சொல்லணும்.

"ரொம்பப் பேரு ஆத்தா. அதுல ஒருத்தரு, இந்த ஊரு."