ரோட்டுப் பக்கம் மட்டும் நீலம்

குச்சவெளி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு மீனவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். காதில் போனை வைத்து டெஸ்ட் மட்ச் கேட்டுக்கொண்டிருந்தவர், உப்புவெளி தாண்டியதும் தொடையில் ஓங்கி அடித்தார்.

"எழுபத்திரண்டில அவுட்! எப்பவும் இதுதான். நல்லாத் தொடங்குவான், பெரிய நூறாக்க ஏலாது."

"அவனும் உங்கட வள்ளமும் ஒண்டுதான்" என்றார் மனைவி.

நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"வள்ளத்துக்கும் அவனுக்கும் என்ன கதை?" என்றார் மீனவர்.

"ரோட்டுப் பக்கம் மட்டும் நீலப் பெயின்ட் அடிச்சுப்போட்டு, சல்லி ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினீங்கள்தானே? அவனும் ஐம்பது அடிச்சவுடன மட்டையைத் தூக்கிக் காட்டுறான். பிறகு எப்பிடி நூறு வரும்?"

"கடல் பக்கத்தை ஆர் பாக்கப்போகினம்? கோயில் திருவிழாவுக்கு முன்னம் அடிப்பன்."

"போன திருவிழாவுக்கும் இதைத்தான் சொன்னனீங்கள்."

"களைப்பெண்டு ஒண்டு இருக்கப்பா. நிண்டு முடிக்கிறது லேசான வேலையோ?"

"அப்ப அவனை ஏன் ஏசுறீங்கள்?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். சல்லிச் சந்தி வந்தது. மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நேற்று நீங்கள் கதிரையில சாய்ஞ்சு மட்ச் கேக்கேக்க, கடல் பக்கத்தை நான் அடிச்சு முடிச்சிட்டன். உங்கட நீலம் டின்னோட காஞ்சு போச்சு. குசினிக் கதவுக்கு வாங்கின ரோஸ்தான் கிடந்தது."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"ரோஸோ? ஐயோ, ஆரும் பாத்தவையோ?"

மனைவி படியில் இறங்கியபடியே சொன்னார்:

"கடல் பக்கத்தை ஆர் பாக்கப்போகினம்?"