சேலை மாற்றும் அறை

விடிகாலை ஜீப்பு, போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு. மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் இருந்த என் காதில் இது விழுந்தது:

"அந்தத் தாழ்ப்பாளுக்காகப் பத்து நாள் வேலைக்குப் போகாமக் கெடந்தோம்டி, மறந்துட்டியா?"

சொன்னவள் மூத்தவள், பேச்சி. தோட்டத்தில் பெண்கள் சேலை மாற்றும் அறைக்குள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த திருநங்கை சந்தியாவை விடலாமா என்பதுதான் வழக்கு.

பக்கத்திலிருந்த இளையவள் விடவில்லை. "அவளும் பொம்பளதானக்கா. செடி மறைவுல நின்னு மாத்துறா. காலெல்லாம் அட்டைக்கடி."

"நான் இல்லேங்கலையே. நமக்குன்னு இருக்கிறது அந்த ஒரு அறை. எடங்குடுத்தா மடத்தப் புடுங்குற ஊரு இது. இவளுக்குத் தொறந்தா நாளைக்குக் கங்காணி வந்து நிப்பான்."

"தாழ்ப்பா உள்பக்கந்தானக்கா இருக்கு. யாருக்குத் தொறக்கணும்னு நாமதான சொல்லணும்?"

பேச்சி பனியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிரே மலை இருந்த இடத்தில் மலை இல்லை.

மலையடிவாரத்து ஊரான முந்தலில் சந்தியா ஏறினாள். பேச்சி நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, அட்டைக்குத் தேச்சுக்க."

சந்தியா சிரித்துக்கொண்டே வாங்கினாள். "அறையக் குடுக்காம உப்பக் குடுக்கிறியேக்கா."

பேச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்பு பனிக்குள் ஏறியது.