நான்காவது ஆளாக வந்த நாற்பது பேரின் வணக்கம்

அல்டர்புரூக் கல்லூரியின் அருந்தவப் பேறே! கிரேக்க மொழியைக் கரைத்துக் குடித்தும் கர்வம் அறியாத கனிவே! சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் இல்லாமல் எவரும் கண்டிராத சான்றோரே! பேராசிரியர் ஆம்புரோஸ் பெல்நாப் அவர்களே! வணக்கம், வணக்கம், மனம் நிறையாததால் இன்னொரு வணக்கம்!

மாணவர்களைவிட மாடுகள் அதிகமுள்ள இந்த வெர்மான்ட் மலைச்சரிவுக்கு, நெப்ராஸ்காவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கியவள், தங்கள் பணிநிறைவுக்கு இம்மடலை வாசிக்கும் கோரா. நானூறு பேர் படிக்கும் கல்லூரி. காலையில் தும்மினால் மதியச் சாப்பாட்டு வரிசையில் சளி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். ஆறு பேர் உட்காரும் வகுப்பில் ஒளிவதற்கு இடமேது? தலையைக் குனிந்தால் மேசை தெரிந்தது. நிமிர்ந்தால் நீங்கள் தெரிந்தீர்கள். என் அறைத்தோழி இமோஜென் ஒருநாள் வகுப்புக்கு வராதபோது, விடுதிக்கே வந்து கதவைத் தட்டினீர்கள்.

"உசுரோட இருக்கியாம்மா? இருந்தா எந்திரிச்சு வா. வினைச்சொல்லு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

கம்பளியைப் போர்த்தியபடியே அவள் வந்து உட்கார்ந்தாள். அன்றைய பாடம் அவளுக்குத்தான் நன்றாக வந்தது.

அருமை ஆசானே! எங்கள் இரண்டாம் ஆண்டின் இலையுதிர் காலத்தை மறக்க முடியுமா? நான்கு பேர் சேராத வகுப்பு நடக்காது என்பது கல்லூரிச் சட்டம். கிரேக்கத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இமோஜென், எங்கள் நண்பன் பில், நான் என மூவர் மட்டுமே. வகுப்பு போனால் துறை போகும். துறை போனால் நீங்களும் போவீர்கள். வெள்ளிக்கிழமை மாலையோடு கெடு முடிகிறது. அன்று காலை உணவுக்கூடத்தில் இமோஜென் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள்.

"ஒரே ஒரு ஆள் போதும்! யாராச்சும் புண்ணியம் கட்டிக்கோங்க!"

"எனக்கு இங்கிலீஷே தகராறு. இதுல கிரேக்கம் வேறயா?" என்றான் ஹாக்கி கோல்கீப்பர் டெக்ஸ்டர், வாய் நிறைய வாஃபிளோடு.

"அங்க எல்லாருக்கும் தகராறுதான்டா, வா!" என்றான் பில்.

கூடமே சிரித்தது. ஒரு கைகூட உயரவில்லை. நாங்கள் முகம் தொங்க வெளியே வந்தோம்.

திங்கட்கிழமை, வகுப்பு ரத்து என்று கதவில் ஒட்டியிருக்கும் என்றே போனோம். போனால், பத்துப் பேர் அறையில் நாற்பது பேர்! சன்னல் திட்டில் இருவர், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் மூவர், தரையில் கால் நீட்டி டெக்ஸ்டர்! ஒரு ஆள்தானே குறைகிறது, அந்த ஆள் நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம்கூட மூச்சு விடாமல் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்! பெயர்ப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தும், அதைத் திறப்பதில்லை என்ற விரதம் பூண்ட தங்களுக்கும் இது தெரியாது. கதவைத் திறந்தீர்கள். எங்களைப் பார்த்தீர்கள்.

"மன்னிச்சுக்கோங்க, ரூம் மாறி வந்துட்டேன்."

சாத்திவிட்டுப் போயே போய்விட்டீர்கள்! வேதியியல் கூடத்தை எட்டிப் பார்த்தீர்கள். பாடகர் குழுவின் பயிற்சியைக் கலைத்தீர்கள். எங்கும் உங்கள் வகுப்பு இல்லை. பின்னாலேயே நாற்பது பேர் ஓடி வந்தோம். மாடிப்படியில் இமோஜென் மறித்தாள்.

"சார், அதுதான் நம்ம கிளாஸ்!"

"நம்ம கிளாஸா? அங்க ஆளுங்க இருக்காங்களேம்மா!"

கைப்பிடியைப் பற்றியபடி அப்படியே நின்றீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள், மறுபடி துடைத்தீர்கள்.

மூன்றாம் வாரத்துக்குள் எந்த வகுப்பையும் விட்டுவிடலாம் என்றொரு சலுகை உண்டு. பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள், உண்மையை மறைப்பானேன்! டெக்ஸ்டரும் உங்கள் அறை வாசலில் வந்து நெளிந்தான்.

"விட்டுடலாம்னுதான் சார் வந்தேன். ஆனா அந்த ராஜாவ ஜெயில்ல போட்டதோட கதைய நிறுத்திட்டீங்க. அப்புறம் அவன் என்ன ஆனான்?"

நீங்கள் அலமாரியிலிருந்து கிரேக்கப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் திணித்து, "நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்றீர்கள். அந்தக் கடங்காரன் இந்த மே மாதம் கிரேக்கத்தில் பட்டம் வாங்குகிறான்! அவன் அம்மா இன்னும் நம்பவில்லை.

ஞாயிறுதோறும் பான்கேக் என்னும் இனிப்பு அடை சுட்டு, மேப்பிள் பாகு ஊற்றி எங்கள் வயிற்றை வாழவைத்த தங்கள் துணைவி ரூத்ஆன் அம்மையாரோடு நீங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! முழங்கால் வலி ஒழிக! மலைப்பாதை நடை தொடர்க!

பணிநிறைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று கல்லூரித் தலைவர் சென்ற மாதம் தங்களைக் கேட்டார். "பரிசெல்லாம் வேணாம். செப்டம்பர்ல கிளாஸ் நடக்குமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அது எங்களுக்குப் பொறுக்கவில்லை. இம்முறை உணவுக்கூடத்தில் ஒரு ஆள் போதும் என்று யாரும் கெஞ்சவில்லை. எல்லாரும் வாருங்கள் என்றோம். இளைய மாணவர்கள் வந்தார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு போய்த் தலைவர் அறையை நிரப்பினோம். அவர் உட்காரவே இடமில்லை. இன்று காலை, தங்கள் இடத்துக்குப் புதிய ஆசிரியரை நியமிக்க ஒப்புதல் கிடைத்துவிட்டது.

வகுப்பு நடக்கும், ஐயா. நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

இங்ஙனம்,
அன்பும் ஆரவாரமுமாக,
அல்டர்புரூக் கிரேக்க வகுப்பினர்,
படித்து முடித்தவர்களும் பாதியில் கழன்றவர்களும்