அறிவித்தலுக்கு எங்கள் முறை

"அக்கா, இந்த றேடியோவை ஆர் மிதிக்கினம்?"

வவுனியா ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டாள். யன்னலுக்குள் மேசைமேல் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் எட்டி மேசைக்குக் கீழேயும் பார்த்தாள். போர்முனைக்கு அப்பால் இருந்த அக்கராயனிலிருந்து, வெளியே வர பாஸ் எடுத்து வந்தவள் என்பது முன்பே காதில் விழுந்திருந்தது.

"மிதிக்கிறதோ? அது கரண்டில பாடுது, தங்கச்சி" என்றாள் பக்கத்தில் நின்ற வவுனியாக்காரி.

"எங்கட பக்கம் கரண்டும் இல்லை, பற்றறிக்கும் அரசாங்கம் தடை. சைக்கிளை ஸ்ராண்டில விட்டு மிதிச்சால் டைனமோ சுத்தும், றேடியோ கதைக்கும். மிதிக்கிறதை விட்டால் நிண்டிடும்."

"என்ர கடவுளே! ஆர் மிதிக்கிறது?"

"முறை வைச்சுத்தான். செய்திக்கு ஒரு வீடு, மரண அறிவித்தலுக்கு ஒரு வீடு. போன மாசம் அறிவித்தலுக்கு எங்கட முறை. என்ர மனுசன்தான் மிதிச்சவர். யாழ்ப்பாணத்தில இருந்த அவற்ற தாயின்ர பேரை வாசிச்சினம்."

"அதுக்கு முன்னம் அவருக்குத் தெரியாதோ?"

"எப்பிடித் தெரியும்? கடிதம் வர மாசக்கணக்காகும்."

வரிசை நகர்ந்தது. அவர்கள் இருவரும் நகரவில்லை. பின்னால் நின்ற எவரும் அதட்டவுமில்லை.

"பிறகு?"

"அவர் மிதிச்சுக்கொண்டே இருந்தவர், அக்கா. கண்ணால தண்ணி ஓடுது, கால் நிக்கேல்லை. தங்கட சனத்தின்ர பேரும் வருமோ எண்டு முற்றம் நிறையச் சனம் நிண்டது."