சத்தமில்லாத பெட்டி

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் மகன் வீடியோ கேம் பெட்டியைப் போட்டாலே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். "இவரு பெரிய தவமுனிவரு" என்பாள் மனைவி. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துப் பிழைத்த விற்பனைத் தலைவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

எங்கள் நிறுவனம் தயாரித்த அந்தப் பெட்டியின் அறிமுக விழாவில் உள்ளிருந்த மின்விசிறியைக் கழற்றி வைத்தது நான்தான். சூடேறுவதற்குள், பத்து நிமிடத்துக்கு ஒரு பெட்டியாக, மேசைக்கு அடியில் மாற்றிக்கொண்டே இருந்தோம். 'மூச்சுச் சத்தம்கூட இல்லை' என்று பத்திரிகைகள் எழுதின. பள்ளி நாடகத்தில் மரமாக நின்றவன் நான்; முதல்முறை கைதட்டல் வாங்கியதில் தலைகால் புரியவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? கடைக்குப் போகும் பெட்டிகளில் விசிறியின் வேகத்தைப் பாதியாக்கச் சொன்னேன்.

"உள்ள சூடு ஏறும் சார். பிளாஸ்டிக் தாங்காது," என்றாள் பரிசோதனைப் பிரிவுப் பெண்.

"விற்பனையும் ஏறும்மா," என்றேன். அந்த நகைச்சுவைக்கு நான் மட்டும்தான் சிரித்தேன்.

ஏறத்தான் செய்தது. முதல் வாரமே கடை வாசல்களில் வரிசை. போட்டி நிறுவனம் பயந்துபோய் விலையைக் குறைத்தது. இரண்டாம் ஆண்டில் பெட்டிகள் தீப்பிடிக்கத் தொடங்கின. பத்தொன்பது வீடுகள். தூசி படாமலிருக்க மக்கள் பெட்டியின் மேல் துணி போடுவது எனக்குத் தெரியும். 'துணியால் மூடியதே காரணம்' என்று எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாத கடிதம்.

பதில் போடாத ஒரே ஒரு தாயை நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்பது வயது மகளைத் தீயில் இழந்தவர். வழக்குப் போட்டுவிடுவாரோ என்று எனக்கு உதறல். கரி படிந்த சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார்: "அன்னைக்குத் துணி போட்டேனா இல்லையான்னே ஞாபகம் வரல சார். போட்டிருப்பேனா?"

"போட்டிருப்பீங்கம்மா," என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். வழக்கு வரவில்லை. மறுவருடம் பெட்டியின் தயாரிப்பை நிறுத்தினோம். என் மகன் மட்டும் இன்னும் அதில்தான் விளையாடுகிறான். அவனுடைய பெட்டியில் விசிறி முழு வேகத்தில் சுற்றும். முதல் நாளே சரிசெய்து வாங்கி வந்தேன்.

விசாரணை அதிகாரி ஐயா, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பரிசோதனைப் பெண் எழுதிக் கொடுத்த எச்சரிக்கை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். ஏழு வருடம் தன்னையே நொந்துகொண்டு இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற ஆள் நான் இல்லை.